காதை விட்டு முற்றைப் பிடித்த மாணவி: எஸ்ஏடி இலக்கணப் பகுதிக்கான தயாரிப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் மாணவிக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். பாடங்களை ஆங்கிலத்தில் படித்தவள், ஆங்கில நாவல்களைத் தானே தேடி வாசிப்பவள், தமிழையும் பள்ளியில் இலக்கணத்தோடு படித்தவள். அப்படிப்பட்டவளுக்கு எஸ்ஏடி என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வின் மொழிப் பிரிவில் மதிப்பெண் கசிந்த இடம் வாசிப்பு அல்ல, இலக்கணம். கடினமான கேள்விகளில் மட்டும் தவறியிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். நடுத்தரக் கேள்விகளிலேயே ஏறக்குறைய பாதி தவறாக இருந்தது. அவள் வீட்டாருக்கு இது விளங்கவே இல்லை. "இவ்வளவு புத்தகம் படிக்கிற பொண்ணுக்கு கமா போடத் தெரியாதா?" என்றுதான் அவள் அப்பா கேட்டார்.

நிறைய வாசிக்கிற பிள்ளைகளிடம் இந்தப் பிரச்சினையை நான் அதிகமாகவே பார்க்கிறேன். வாசித்து வாசித்து அவர்களுக்கு ஒரு காது வந்துவிடுகிறது. அந்தக் காது பெரும்பாலான நேரம் சரியாகச் சொல்லும். இலக்கணப் பகுதியின் கேள்விகளோ, காது ஏமாறும் இடங்களாகப் பார்த்துத்தான் அமைக்கப்படுகின்றன. இந்த மாணவி விஷயத்தில் காதுக்குப் பதிலாக நாங்கள் கொண்டுவந்தது ஆங்கில இலக்கண விதிகளின் நீண்ட பட்டியல் அல்ல. அவள் ஏற்கெனவே தமிழ் வகுப்பில் படித்து, தேர்வு எழுதி, மறந்துபோன முற்றும் எச்சமும்தான்: வாக்கியத்தை முடித்துவைக்கும் வினை முற்று, முடிக்காமல் நிற்கும் வினை எச்சம். அது எங்கே உதவியது, எங்கே காலை வாரியது, பிறகு எப்படிச் சரியானது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

தேர்வு கேட்பது என்ன

2023 மார்ச்சில் அமெரிக்காவுக்கு வெளியேயும் 2024 மார்ச்சில் அமெரிக்காவிலும் எஸ்ஏடி கணினிக்கு மாறியது. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பிரிவில் மொத்தம் 54 கேள்விகள், 64 நிமிடங்கள். அது 27 கேள்விகளும் 32 நிமிடங்களும் கொண்ட இரண்டு மாட்யூல்களாகப் பிரிந்திருக்கும். முதல் மாட்யூலில் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டாவது மாட்யூலின் கடினம் அமையும். ஒவ்வொரு கேள்விக்கும் 25 முதல் 150 சொற்களுக்குள் ஒரு குட்டிப் பத்தி. இந்த 54-இல் இலக்கணத்துக்கு உரியவை 11 முதல் 15 வரை, அதாவது பிரிவின் ஏறக்குறைய கால் பங்கு.

கேள்வியின் உருவம் எளிது. பத்தியில் ஓர் இடம் காலியாக இருக்கும், நான்கு விடைகளில் ஒன்றை அங்கே பொருத்த வேண்டும். உள்ளடக்கம் இரண்டு வகை. ஒன்று வாக்கிய எல்லை: ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது, இரண்டு வாக்கியங்களை எந்தக் குறியால் சேர்க்கலாம், இடைச்செருகலை எப்படிப் பிரித்துக் காட்டுவது. மற்றொன்று சொல் வடிவம்: எழுவாய்க்கு ஏற்ற வினை, காலம், பிரதிப்பெயர், உடைமை, அடைமொழி சேரும் இடம். இவ்வளவுதான் பாடத்திட்டம். தடிமனான இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிப்பவர்கள் தேர்வில் வராத பல விஷயங்களில் வாரக்கணக்கை இழக்கிறார்கள். இவளும் அப்படி ஒரு புத்தகத்தின் நடுவில்தான் இருந்தாள்.

பயிற்சியில் இன்னொரு குழப்பமும் இருந்தது. இணைப்புச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளையும், குறிப்புகளை வைத்து வாக்கியம் அமைக்கும் கேள்விகளையும் அவள் இலக்கணக் கணக்கிலேயே சேர்த்திருந்தாள். அவை வேறு பகுதி, கேட்பது பொருளை. முதல் வேலையாக அவற்றைப் பிரித்தோம்.

முதல் சோதனை

எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டின் வினா வங்கியில் பகுதி வாரியாகவும் கடின நிலை வாரியாகவும் கேள்விகளைப் பிரித்து எடுக்கலாம். அதிலிருந்து எல்லை வகையில் கொஞ்சம், வடிவ வகையில் கொஞ்சம் எடுத்து, நேரக் கட்டுப்பாடு இல்லாமல் கொடுத்தேன். ஒரே நிபந்தனை: ஒவ்வொரு விடைக்கும் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சரியாகச் செய்த கேள்விக்கும் தவறாகச் செய்த கேள்விக்கும் அவள் சொன்ன காரணம் ஒன்றேதான்: "இதுதான் மிஸ் கேட்க நல்லா இருக்கு." கமா ஏன் என்றால், "அங்க கொஞ்சம் நிறுத்தணும்." செமிகோலன் ஏன் என்றால், "இன்னும் கொஞ்சம் அதிகமா நிறுத்தணும்." குறிகள் எல்லாமே அவளுக்கு மூச்சின் அளவுகள். ஒரு வாக்கியத்தைப் பாருங்கள்:

தி டெலஸ்கோப் கலெக்டட் லைட் ஃபார் வீக்ஸ், தி டீம் அனலைஸ்ட் இட் லேட்டர்.

இது அவளுக்குப் பழுதில்லாத வாக்கியம். பேச்சில் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். எழுத்து ஆங்கிலத்தில் இது இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டிய பிழை.

அவளுடைய தவறு நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். ஒழுங்காக எழுதிவந்த நோட்டுதான். ஆனால் உள்ளே "கமா", "கமா", "டென்ஸ்", "கமா", "கவனக்குறைவு" என்று ஒற்றைச் சொற்கள். அந்தத் தலைப்புகள் அடுத்த கேள்வியில் என்ன செய்ய வேண்டும் என்று எதையும் சொல்லவில்லை. "கவனக்குறைவு" என்று எழுதிய இடங்கள் எல்லாவற்றையும் திரும்பச் செய்யச் சொன்னேன். பெரும்பாலானவற்றில் அதே தவறான விடைக்கே திரும்பப் போனாள். கவனம் அங்கே குறையவே இல்லை, நம்பிக்கைதான் தவறாக இருந்தது.

முற்றும் எச்சமும்

திருப்பம் வந்தது ஒரு வினைவடிவக் கேள்வியில். நான் எழுதிக் கொடுத்த வாக்கியம் இது:

தி ஆர்ட்டிஸ்ட், ஹூ ட்ரெய்ண்ட் அஸ் அ வீவர், ____ லார்ஜ் டேப்பஸ்ட்ரீஸ்.

விடைகள்: மேக்கிங், டு மேக், ஹேவிங் மேட், மேட். அவள் "மேக்கிங்" என்றாள். அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன்: "நெசவு பயின்ற அந்தக் கலைஞர் பெரிய திரைச்சீலைகளைச் செய்து." சொல்லிவிட்டு நிறுத்தினேன்.

"செய்து? செய்து என்ன பண்ணினாங்க?" என்றாள்.

அங்கே பிடித்துக்கொண்டாள். "செய்து" வினையெச்சம், வாக்கியம் அதில் முடியாது, "செய்தார்" என்று முற்று வந்தால்தான் முடியும் என்று ஏழாம் வகுப்புப் பாடத்தை அப்படியே ஒப்பித்தாள். அப்படியானால் மேக்கிங், டு மேக், ஹேவிங் மேட் மூன்றும் எச்சங்களின் இடத்தில் நிற்பவை. மேட் ஒன்றுதான் முற்று. ஆங்கில வகுப்பில் எத்தனையோ முறை கேட்டும் ஒட்டாத விஷயம் தமிழ் வழியாக ஒரே மூச்சில் ஒட்டியது. அவள் காது ஆங்கிலத்தில் ஏமாறும், தமிழில் ஏமாறாது. "செய்து" என்று நிறுத்தினால் மூன்று வயதுக் குழந்தைகூட மீதியைக் கேட்கும்.

அதற்கப்புறம் எங்கள் வேலை எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தது: இந்த வாக்கியத்தில் முற்று எது? விடைகளைப் பார்க்கும் முன்பே முற்றை அடிக்கோடிட வேண்டும். டெலஸ்கோப் வாக்கியத்தில் கலெக்டட், அனலைஸ்ட் என்று இரண்டு முற்றுகள், இரண்டுக்கும் தனித்தனி எழுவாய். தமிழில் "தொலைநோக்கி ஒளியைச் சேகரித்தது குழு பின்னர் ஆராய்ந்தது" என்று ஒரே வாக்கியமாக யாரும் எழுதமாட்டோம். நடுவில் முற்றுப்புள்ளி வைப்போம், அல்லது "சேகரித்த ஒளியை" என்று முதல் முற்றை எச்சமாக்கிவிடுவோம். ஆங்கிலம் வேறு வழிகளும் தருகிறது: ஃபுல்ஸ்டாப், செமிகோலன், கமாவுடன் அண்ட் அல்லது பட், பொருள் இடம் கொடுத்தால் கோலன் அல்லது டாஷ். வெறும் கமா மட்டும் கூடாது.

அடிக்கோடிடுவதிலும் சிக்கல் உண்டு. தமிழில் வடிவமே சொல்லிவிடும்: செய்து, செய்த, செய்தார் மூன்றும் மூன்று உருவம். ஆங்கிலத்தில் மேட் என்ற ஒரே உருவம் முற்றாகவும் வரும், "செய்யப்பட்ட" என்ற பெயரெச்ச வேலைக்கும் வரும். "தி மாஸ்க்ஸ் மேட் இன் தி வில்லேஜ் சோல்ட் குயிக்லி" என்ற வாக்கியத்தில் அவள் மேட், சோல்ட் இரண்டையும் முற்று என்றாள். இதற்கு ஒரு சோதனை வைத்தோம். வாக்கியத்தை நாளைக்கு நடப்பதாக மாற்றிச் சொல்ல வேண்டும். எந்த வினை மாறுகிறதோ அதுதான் முற்று. "தி மாஸ்க்ஸ் மேட் இன் தி வில்லேஜ் வில் செல் குயிக்லி." மேட் அசையவில்லை, சோல்ட் மாறியது. பயிற்சியின் ஆரம்ப வாரங்களில் இந்தச் சோதனையை ஒவ்வொரு கேள்விக்கும் செய்தாள். பிறகு சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் போதும் என்றாகிவிட்டது.

புதிய தவறு

முற்றைக் கண்டுபிடிக்கக் கற்றதும் மதிப்பெண் ஏறும் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். வடிவக் கேள்விகளில் ஏறவும் செய்தது. எல்லைக் கேள்விகளிலோ பழைய தவறு போய்ப் புதிய தவறு வந்தது. இந்த ஆய்வில் மிக முக்கியமான கட்டம் இது, பலர் இங்கேதான் முறையைக் கைவிட்டுப் பழைய காதுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

பிகாஸ் தி சாம்பிள் வாஸ் ஸ்மால், தி டீம் ரிப்பீட்டட் தி டெஸ்ட்.

வாஸ், ரிப்பீட்டட் என்று இரண்டு முற்றுகளை அடிக்கோடிட்டாள். இரண்டு முற்று என்றால் கமா போதாது என்று செமிகோலன் போட்டாள். அவள் தர்க்கத்தில் பிழை இல்லை. தமிழும் ஆங்கிலமும் பிரியும் இடம் இதுதான்.

தமிழில் ஒரு வினையை இன்னொன்றுக்குக் கீழ்ப்படுத்தும்போது, பெரும்பாலும் அந்த வினையின் உருவமே மாறும். "மாதிரி சிறியதாக இருந்ததால்" என்னும்போது முற்று அங்கே இல்லவே இல்லை. இருந்ததால், இருந்தாலும், இருந்தபோது என்று கட்டு வினையின் வாலில் ஏறிவிடும். ஆங்கிலம் வினையை அப்படியே முற்றாக விட்டுவிட்டு, கட்டும் சொல்லைத் தலையில் வைக்கிறது: பிகாஸ், ஆல்தோ, வென், வைல், இஃப். பெயரெச்சத்துக்கும் அதே கதை. "நெசவு பயின்ற கலைஞர்" என்பதில் முற்று கிடையாது. ஹூ ட்ரெய்ண்ட் என்பதில் முற்று உண்டு, ஆனால் ஹூ அதைக் கட்டி வைத்திருக்கிறது.

ஆகவே அடிக்கோட்டோடு ஒரு வட்டமும் சேர்ந்தது. முற்றுக்கு அடிக்கோடு, அதைக் கட்டும் சொல்லுக்கு வட்டம். வட்டம் உள்ள முற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது. மிச்சம் இருக்கும் கட்டில்லாத முற்றுகளுக்குத்தான், ஒவ்வொன்றுக்கும் தனி எழுவாய் இருந்தால், நடுவில் வலுவான இணைப்பு தேவை. பிகாஸ் வாக்கியத்தில் கட்டில்லாதது ரிப்பீட்டட் ஒன்றே, எனவே கமா சரி. ஒரே எழுவாய்க்கு இரண்டு முற்றுகள் வந்து அண்டால் சேர்ந்தால் கமாவே தேவையில்லை. "தி டீம் ரிப்பீட்டட் தி டெஸ்ட் அண்ட் பப்ளிஷ்ட் தி ரிசல்ட்" என்பதில் நடுவே எதுவும் வேண்டாம்.

இந்த வட்டம் பழக நாள் பிடித்தது. கட்டும் சொல் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது, தமிழ்ப் பழக்கமோ கடைசி வரை காத்திருந்து கட்டைத் தேடும். அதனால் அவளைத் தமிழ்ப் பத்தி ஒன்றை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். "மழை பெய்தாலும்" என்பதை எழுதத் தொடங்கும்போதே ஆல்தோ என்று ஆரம்பிக்க வேண்டியிருப்பதைக் கை உணர்ந்தது. வெறும் நான்கு விடைப் பயிற்சியைவிட இந்த எழுத்துப் பயிற்சி பல மடங்கு பலன் தந்தது என்று உறுதியாகச் சொல்வேன். ஆயத்த வகுப்புகள் இதற்கு நேரம் ஒதுக்காதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தொல்காப்பியம் சொன்ன அடைமொழி விதி

அடைமொழி தவறான பெயரோடு ஒட்டிக்கொள்ளும் கேள்வியை மாணவர்கள் பெரிய பூதமாக நினைக்கிறார்கள். இவளுக்கு அது ஒரே வகுப்பில் முடிந்தது.

லான்ச்ட் இன் 1977, சயின்டிஸ்ட்ஸ் ஸ்டில் ரிசீவ் டேட்டா ஃப்ரம் வாயேஜர் 1.

தமிழில்: "1977-இல் ஏவப்பட்டு, விஞ்ஞானிகள் இன்னும் வாயேஜர் 1-இலிருந்து தகவல் பெறுகிறார்கள்." கேட்டதும் சிரித்தாள். விஞ்ஞானிகளை ஏவிவிட்டோம். "செய்து" என்னும் வாய்பாட்டு எச்சம் முற்றின் வினைமுதலையே தன் வினைமுதலாகக் கொள்ள வேண்டும் என்பது தொல்காப்பியம் வினையியலில் உள்ள விதி. ஆங்கிலம் கேட்பதும் அதேதான்: முன்னால் வந்த எச்சத்தொடரின் செயலுக்கு உரியவர் யாரோ, கமாவுக்குப் பின் வரும் எழுவாய் அவராக இருக்க வேண்டும். கமாவுக்கு அப்புறம் வாயேஜர் 1 வரும் விடையைத் தேடினால் போதும். அந்த விடை நீளமாகவோ காதுக்குக் கரடுமுரடாகவோ இருந்தாலும் அதுதான் சரி.

தமிழில் இதற்கு விலக்கும் உண்டு. "மாடு கால் ஒடிந்து விழுந்தது" என்றால் ஒடிந்தது காலும் விழுந்தது மாடும்தான், இருந்தாலும் வாக்கியம் சரி, ஏனென்றால் கால் மாட்டின் சினை, அதாவது உறுப்பு. ஆங்கில அடைமொழி இந்தச் சலுகையைத் தருவதில்லை. ஒருவருடைய படைப்பையோ ஆய்வையோ அவர் இடத்தில் நிறுத்தும் விடைகள் இங்கேதான் வலை விரிக்கும். "பார்ன் இன் சென்னை, தி பெயின்டர்ஸ் வொர்க்ஸ்" என்று தொடங்கினால், பிறந்தது ஓவியர். எழுவாயாக நிற்பதோ அவருடைய படைப்புகள். தமிழ்க் காது இதை மன்னித்துவிடும், தேர்வு மன்னிக்காது.

எழுவாய் எங்கே இருக்கிறது

தி கலெக்ஷன் ஆஃப் லெட்டர்ஸ் ஃப்ரம் த்ரீ ஷிப்ஸ் ____ நவ் இன் அ மியூசியம்.

விடைகள்: ஆர், வேர், ஹேவ் பீன், இஸ். அவள் ஆர் என்றாள், பக்கத்தில் ஷிப்ஸ் இருப்பதால். தமிழில் அடைகள் எல்லாம் முன்னால் வந்து, தலைமைப் பெயர் கடைசியில் வரும்: "மூன்று கப்பல்களிலிருந்து வந்த கடிதங்களின் தொகுப்பு." ஆகவே வினைக்கு நெருக்கமான பெயர்தான் எழுவாய் என்பது தமிழ் வாசகரின் பழக்கம். ஆங்கிலத்தில் தலைமைப் பெயர் முதலில் வந்துவிடும், ஆஃப், ஃப்ரம், இன் எல்லாம் பின்னால் நீளும். அதோடு நம் பேச்சில் அஃறிணைப் பன்மைக்கு "கப்பல்கள் வந்தது" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம், அதனால் எண்ணைக் கவனிக்கும் பழக்கமும் மெலிந்துபோயிருக்கிறது.

"முதல் ஆஃபுக்கு முன்னால் பார்" என்பது அவளே தன் நோட்டில் எழுதிக்கொண்டது. பெரும்பாலான இடங்களில் அது போதும். இதில் ஒரு சின்ன உத்தியும் உண்டு. நான்கு விடைகளில் மூன்று பன்மையாகவும் ஒன்று ஒருமையாகவும் இருந்தால், கேள்வி காலத்தைப் பற்றியது அல்ல, எண்ணைப் பற்றியது. எண் என்று தெரிந்ததும் நேராக எழுவாயைத் தேடிப் போகலாம்.

உடைமைக் குறி அவளுக்கு ஒரு பிரச்சினையாகவே நீடிக்கவில்லை. ஆய்வாளர் + இன், ஆய்வாளர் + கள் + இன். தமிழில் பன்மை முதலில் ஒட்டும், வேற்றுமை பிறகு ஒட்டும். ஆங்கிலத்திலும் அதே வரிசை: பன்மையின் எஸ் முதலில், உடைமைக் குறியான அப்பாஸ்ட்ரஃபி அதற்குப் பின். ஒருவர் என்றால் எஸ்ஸுக்கு முன்னால் குறி, பலர் என்றால் பின்னால். அதன், அவற்றின் என்ற பொருள் தரும் பிரதிப்பெயர்களுக்குக் குறியே கிடையாது. காலம் பற்றிய கேள்விகளில் பத்தியின் மற்ற வினைகளைப் பார்த்துக்கொண்டால் விடை கிடைத்துவிடும், அதற்குத் தனி வகுப்பு எதுவும் வைக்கவில்லை.

நோட்டு, நேரம், வரிசை

தவறு நோட்டின் அமைப்பை மாற்றினோம். ஒவ்வொரு தவறுக்கும் ஒரு முழு வாக்கியம்: அந்த நொடியில் நான் எதை நம்பினேன்? "ஷிப்ஸ் தான் எழுவாய் என்று நம்பினேன்." "ஹவ்எவர் எப்போதும் அடுத்த வாக்கியத்துக்கு உரியது என்று நம்பினேன்." இப்படி எழுதியதும், விதவிதமாகத் தெரிந்த தவறுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நம்பிக்கைகளாகச் சுருங்கின. அதற்கப்புறம் பயிற்சிக்கு எடுத்ததும் அந்த நம்பிக்கைகளை உடைக்கும் கேள்விகளைத்தான். காரணம் சொல்லாமல் சரியாக வந்த விடையையும் நோட்டில் ஏற்றினாள். ஆரம்பத்தில் இது அவளுக்குப் பிடிக்கவில்லை. "சரியா வந்ததை எதுக்கு மிஸ் எழுதணும்?" என்று வாதாடினாள். சரியான விடைக்குத் தவறான காரணம் சொன்ன இரண்டு கேள்விகளைக் காட்டியதும் ஒப்புக்கொண்டாள்.

நேரத்தைப் பற்றி நான் முதலில் பேசவே இல்லை. 32 நிமிடத்தில் 27 கேள்வி என்றால் ஒன்றுக்குச் சுமார் 71 விநாடி. இலக்கணக் கேள்விக்கு அதில் பாதி போதும், முறை கைவந்துவிட்டால். கைவராமல் கடிகாரத்தை வைத்தால் பிள்ளைகள் உடனே காதுக்குத்தான் ஓடுவார்கள். ஆகவே முறை பழகிய பிறகுதான் கடிகாரம் வந்தது. அடிக்கோடும் வட்டமும் மெல்ல மனத்துக்குள்ளேயே நடக்க ஆரம்பித்தன.

வரிசையில் ஒரு மாற்றம் செய்தாள். மாட்யூலில் முதலில் சொற்பொருள், வாசிப்புக் கேள்விகள் வரும், பிறகு இலக்கணம், கடைசியில் இணைப்புச் சொற்களும் குறிப்புக் கேள்விகளும். ஒரு மாட்யூலுக்குள் விருப்பம்போல் முன்னும் பின்னும் போகலாம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பும் இல்லை. கடினமான வாசிப்புக் கேள்வியில் மாட்டிக்கொண்டு இலக்கணத்துக்கு வரும்போது அவசரப்படுவது அவள் வழக்கம். அதனால் இலக்கணத்தை முதலில் முடித்துவிட்டு வாசிப்புக்குத் திரும்பினாள். எல்லோருக்கும் இதைச் சொல்லமாட்டேன். தாவுவதிலேயே பதற்றப்படுகிறவர்கள் வரிசையாகப் போவதே நல்லது. இலக்கணக் கேள்விகள் எந்த விதியைச் சேர்ந்தவையானாலும் எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும் என்பதும் உதவியது. முதல் ஓரிரு கேள்விகளில் வலை தேடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, கடைசிக் கேள்விகளில் சுலபமாகத் தெரிந்த விடையை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

எஸ்ஏடி எழுதப்படும் புளூபுக் செயலியில் உள்ள முழுப் பயிற்சித் தேர்வுகளைக் கடைசிவரை சேமித்து வைத்தோம். எண்ணிக்கையில் அவை குறைவு. தேர்வைப் போலவே நடப்பதால், தயாரில்லாத நேரத்தில் அவற்றைச் செலவழிப்பது வீண். தினப் பயிற்சி எல்லாம் வினா வங்கியிலிருந்தும் நாங்கள் எழுதிய வாக்கியங்களிலிருந்தும்தான்.

அவளுடைய தோழி ஒருத்தி, எஸ்ஏடி போன்ற இன்னொரு கல்லூரி நுழைவுத் தேர்வான ஏசிடிக்குப் படித்துக்கொண்டிருந்தாள், சில வகுப்புகளில் சேர்ந்து உட்கார்ந்தாள். அங்கே ஆங்கிலப் பிரிவு 2025-இல் 75 கேள்விகள் 45 நிமிடம் என்ற அமைப்பிலிருந்து 50 கேள்விகள் 35 நிமிடம் என்று மாறியிருக்கிறது. நீளமான பத்தி, அடிக்கோடிட்ட பகுதி, "மாற்றம் வேண்டாம்" என்ற விடை என்று வடிவம் வேறு. முற்றைத் தேடும் முறை அதற்கும் அப்படியே பொருந்தியது.

கடைசி வரை நின்ற கேள்வி

மற்றவை எல்லாம் அடங்கிய பிறகும் ஒரு வகை மட்டும் அவளை விடவில்லை.

மெனி பிளான்ட்ஸ் நீட் டைரக்ட் சன்லைட். ஃபெர்ன்ஸ் டு நாட் நீட் ____ தே த்ரைவ் இன் ஷேட்.

விடைகளில் இரண்டு மட்டும் முக்கியம்: "மச்; ஹவ்எவர்," என்பது ஒன்று, "மச், ஹவ்எவர்;" என்பது இன்னொன்று. கட்டில்லாத முற்று இரண்டு, செமிகோலன் தேவை, அது வரை தெளிவு. ஹவ்எவர் எந்தப் பக்கம்? இலக்கணப்படி இரண்டுமே நிற்கும். ஹவ்எவர் அடுத்த வாக்கியத்தின் தலையில்தான் வரும் என்று பள்ளியில் படித்திருந்ததால், ஒவ்வொரு முறையும் முதல் விடைக்கே போனாள்.

இங்கே விதி உதவாது, பொருள்தான் தீர்க்கும். ஃபெர்ன்களுக்கு அதிக வெயில் வேண்டாம் என்பதும் அவை நிழலில் செழிக்கும் என்பதும் ஒன்றுக்கொன்று எதிர் அல்ல, ஒன்றை மற்றது உறுதிப்படுத்துகிறது. எதிர் இருப்பது இதற்கு முந்தைய வாக்கியத்தோடு. ஆகவே ஹவ்எவர் முதல் பக்கத்துக்கு உரியது, செமிகோலன் அதற்குப் பின்.

இதற்கும் தமிழிலிருந்து ஒரு வழியை அவளே கண்டுபிடித்தாள். "நிறைய செடிகளுக்கு நேர் வெயில் வேணும். ஃபெர்னுக்கோ அவ்வளவு வேண்டாம். அது நிழல்லயே நல்லா வளரும்." அந்த ஓகாரம் எந்த வாக்கியத்தில் ஏறுகிறதோ அந்த வாக்கியத்தோடுதான் ஹவ்எவர் போகும் என்றாள். "வேண்டாம்; அதுவோ நிழலில் வளரும்" என்று மாற்றிச் சொல்லிப் பார்த்து, பொருந்தவில்லை என்று தள்ளினாள். இவ்வளவு துல்லியமான சோதனையை நான் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. இப்போது மற்றவர்களுக்கும் இதையே சொல்லிக்கொடுக்கிறேன்.

பெயருக்கு முன் வரும் பட்டத்துக்குக் கமா வருமா வராதா என்ற கேள்வியும் இப்படியே தீர்ந்தது. "ஃபிசிசிஸ்ட் சி.வி. ராமன் வன் தி நோபல் ப்ரைஸ் இன் 1930" என்பதில் கமா கிடையாது, "இயற்பியலாளர் சி.வி. ராமன்" என்று நாமும் நடுவில் நிறுத்தாமல்தான் எழுதுகிறோம். பெயர் முதலில் வந்து பட்டம் விளக்கமாகப் பின்னால் வந்தால், இரண்டு பக்கமும் கமா வேண்டும். அல்லது இரண்டு பக்கமும் டாஷ். ஒரு பக்கம் கமா மறுபக்கம் டாஷ் என்று கலந்த விடை தவறு என்பதை அவள் கண்ணே பிடித்துவிடும் நிலைக்கு வந்திருந்தாள்.

முடிவுகள்

கடைசியாக எழுதிய முழுப் பயிற்சித் தேர்வுகளில் இலக்கணத்தில் ஒன்றோ இரண்டோ தவறுகள்தான் வந்தன, அவையும் கடினமான இரண்டாம் மாட்யூலின் பின்பகுதியில். வாசிப்பு, எழுத்துப் பிரிவின் மதிப்பெண் 800-க்கு 600-ஐ ஒட்டி இருந்த நிலையிலிருந்து 700-ஐத் தாண்டியது. இலக்கணத்தில் மிச்சமான நிமிடங்கள் வாசிப்புக் கேள்விகளுக்குப் போனதால் அங்கேயும் விடைகள் கூடின. ஆகவே ஏற்றம் முழுவதையும் இலக்கணக் கணக்கில் எழுதுவது நியாயம் இல்லை. நிஜத் தேர்விலும் ஏறத்தாழ அதே அளவு வந்தது. காது முழுவதுமாக அடங்கிவிடவும் இல்லை. களைத்துப்போன நாட்களில் "கேட்க நல்லா இருக்கு" திரும்பி வரும். அப்படிப்பட்ட நாளில் புதுக் கேள்விகளை விட்டுவிட்டு, ஒரு பத்தியில் முற்றுகளை மட்டும் அடிக்கோடிட்டு நோட்டை மூடிவிடச் சொன்னேன்.

இதற்குப் பிறகு வந்த மாணவர்கள் எல்லோரும் தமிழ் இலக்கணம் படித்தவர்கள் அல்லர். சிலர் பள்ளியில் வேறு மொழி எடுத்தவர்கள். வினையெச்சம் என்ற பெயரே அவர்களுக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களிடம் பெயர்களைச் சொல்லிக் குழப்புவதில்லை. "அம்மா கடைக்குப் போய்" என்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். "போய்?" என்று அவர்கள் கேட்டதும், அதே கேள்வியை ஆங்கில வாக்கியத்திடம் கேட்கச் சொல்லி, அடிக்கோடு போட பென்சிலைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.